நுரையீரலுக்கு நம் நாட்டு அளவு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், நுரையீரல் நோய்கள் குறித்து அங்கே ஆய்வு செய்துவரும் அறிஞர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் நுரையீரல் பரிசோதனை அறையில் டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். மக்கள் 'ஊதுகிற டெஸ்ட்' என்று சொல்லும் ஸ்பைரோமெட்ரிதான் என் அன்றாடப் பணி. மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க இழுக்கச் சொல்லி, ஒரே வீச்சில் ஊத வைத்து, எந்திரம் தரும் தாளை மருத்துவரிடம் அனுப்புகிறேன். அந்தத் தாளில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று நோயாளி ஊதிய அளவு. மற்றொன்று அவர் எவ்வளவு ஊதியிருக்க வேண்டும் என்று எந்திரம் எதிர்பார்க்கும் அளவு. முதல் பத்திக்கு நான் பொறுப்பு. இரண்டாவது பத்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தியாவில் வளர்ந்த ஆண், பெண்களுக்கு நுரையீரலின் இயல்பு அளவு என்ன என்பதை நாடு முழுவதும் முறையாக அளந்து வகுத்துத் தாருங்கள். அப்படி வகுக்கும்போது, நம் மக்களின் இன்றைய குறையையே இயல்பு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாவது கோரிக்கை முதலாவதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

40 வயது, 165 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஓர் ஆண் என் முன்னால் வந்து அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நொடியில் 2.7 லிட்டர் காற்றை ஊதித் தள்ளுகிறார். வயது, உயரம், பாலினத்தைக் கொண்டு இந்த எதிர்பார்ப்பைக் கணக்கிட ஒரு சமன்பாடு உண்டு. அமெரிக்காவில் 1999இல் வெளியான, உலகெங்கும் எந்திரங்களில் ஏற்றப்பட்ட சமன்பாட்டில் வெள்ளையருக்கானதைத் தேர்ந்தெடுத்தால், இவர் ஏறக்குறைய 3.6 லிட்டர் ஊதியிருக்க வேண்டும். அதில் இவருடையது 75 விழுக்காடு. பாதிப்பு இருக்கிறது என்று தாள் சொல்லும். அதே சமன்பாட்டில் 'ஆசியர்களுக்கு 10 விழுக்காடு கழி' என்ற பழைய வழக்கத்தைப் பின்பற்றினால் எதிர்பார்ப்பு 3.24 லிட்டராக இறங்கும். இவர் 83 விழுக்காட்டுக்கு ஏறிவிடுவார். 80ஐத் தாண்டினால் போதும் என்று பார்க்கும் இடங்களில் இவர் நலமானவர். அதே ஆய்வில் கறுப்பின அமெரிக்கருக்கு வகுத்த சமன்பாட்டைப் போட்டால் எதிர்பார்ப்பு 3 லிட்டர்தான், இவர் 90 விழுக்காடு. ஊதிய மூச்சில் ஒரு மில்லிலிட்டர்கூட மாறவில்லை. எந்திரத்தின் பட்டியலில் எந்த வரியை அழுத்தினோம் என்பது மட்டுமே மாறியது.

அந்த வரியைப் பெரும்பாலும் அழுத்துவது என்னைப் போன்ற ஒரு டெக்னீசியன். அல்லது எந்திரத்தை விற்ற நிறுவனத்தின் ஆள், பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்த நாளில் ஒரு முறை அழுத்திவிட்டுப் போயிருப்பார். அதன் பிறகு யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்க மாட்டார்கள்.

2012இல் ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கத்தின் முயற்சியில் உலகளாவிய நுரையீரல் சமன்பாடுகள் வந்தன. 3 வயது முதல் 95 வயது வரை ஒரே தொடராகக் கணக்கிட உதவும் அருமையான வேலை அது. புகைபிடிக்காத, நோயற்ற 74,000 பேரின் மூச்சு அதில் அடங்கியிருக்கிறது. வெள்ளையர், கறுப்பின அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நான்கு பிரிவுகள். நாம் அந்த நான்கில் ஒன்றில்கூட இல்லை. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து இன்னும் தரவுகள் வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையின் முடிவில் எழுதினார்கள். அதுவரை நமக்குக் கிடைத்த இடம், நான்கின் சராசரியான 'மற்றவர்கள் அல்லது கலப்பினத்தவர்' என்ற வரி. 140 கோடிப் பேர் வாழும் நாடு அந்த வரிக்குள் அடங்குகிறது.

நம் நாட்டில் யாரும் அளக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. டெல்லியில் வல்லபபாய் படேல் நெஞ்சக நிறுவனத்தில் 1960களிலிருந்தே அளந்திருக்கிறார்கள். பம்பாயில் அளந்தார்கள், சண்டிகரில் அளந்தார்கள். உங்கள் கழகத்தின் கீழ் சென்னை சேத்துப்பட்டில் இயங்கிவந்த காசநோய் ஆராய்ச்சி மையம் சென்னைவாசிகளை அளந்து 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் தென்னிந்தியாவுக்கான அளவாக எடுத்துக்காட்டப்படுகிறது. கவனமாகச் செய்த ஆய்வு அது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 15 முதல் 40 வயது வரை உள்ளவர்கள். என் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். 40 வயதோடு நின்ற கோட்டை 65 வரை இழுத்துப் பார்ப்பது அந்த ஆய்வின் குற்றமில்லை. வேறு வழியில்லாமல் நாம் செய்வது. அதோடு, வடக்கு, மேற்கு, தெற்குச் சமன்பாடுகளைச் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு பகுதியின் சமன்பாட்டை இன்னொரு பகுதியினர்மேல் போட்டால் முடிவு பிசகுகிறது என்றே தெரிந்தது. பிழைப்புக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்திருக்கும் தொழிலாளிக்கு நான் எதைப் போடுவது?

இது ஏட்டுச் சிக்கலாகத் தோன்றலாம். யார் தலையில் விடிகிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஆஸ்துமாவிலும் புகைபிடிப்பவர்களுக்கு வரும் அடைப்பு நோயிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. முதல் நொடிக் காற்றை மொத்தக் காற்றால் வகுத்துவரும் விகிதம் மக்களுக்கு மக்கள் அதிகம் மாறுவதில்லை. அது 0.70க்குக் கீழே போனால் அடைப்பு என்று எந்த ஊர் மருத்துவரும் சந்தேகப்படுவார். ஆனால் கல்தூசியால் நுரையீரல் தழும்பேறியவருக்கும், காசநோய் குணமாகி நெஞ்சு சுருங்கிப்போனவருக்கும் இரண்டு அளவுகளும் சேர்ந்தே குறைகின்றன. விகிதம் அப்படியே நிற்கும், சில சமயம் கூடவும் செய்யும். அவர்களுடைய குறையைப் பிடிக்க எதிர்பார்ப்பு அளவைத் தவிர இந்தப் பரிசோதனையில் வேறு பிடிமானம் கிடையாது. கல்குவாரிக்காரரும் பழைய காசநோயாளியும் நிறைந்த நாட்டில், அவர்களைக் கண்டுபிடிக்கும் ஒரே அளவுகோலைத்தான் நாம் ஊர் ஊராக ஊகத்துக்கு விட்டிருக்கிறோம்.

ஒருவரைச் சொல்கிறேன். கிரஷரில் பல ஆண்டு கல் உடைத்தவர். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். மனைவி கைப்பிடித்துக் கூட்டி வந்தார். நிவாரணத்துக்கு மனு கொடுத்திருந்தார். வேறோர் இடத்தில் எடுத்த தாளில் 'இயல்பு வரம்புக்குள்' என்று அச்சாகியிருந்தது. நான் வாங்கிப் பார்த்தபோது, அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் 10 விழுக்காடு கழித்த விவரம் இருந்தது. அந்த 10 விழுக்காடு அவரிடமிருந்து எதற்காகக் கழிக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது, மனுவைத் திருப்பி அனுப்பியவர்களும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பிறகு அவருக்காகப் பேசின. அவை எடுக்க வசதியில்லாத ஊரில் அந்தத் தாளே கடைசித் தீர்ப்பாகியிருக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. எதிர்பார்ப்பு அளவைத் தேவைக்கு மேல் உயர்த்திவிட்டால் நோயில்லாதவர்கள் நோயாளிகளாவார்கள். வேலைக்கான உடல்தகுதித் தேர்வில் ஓர் இளைஞர் தள்ளப்படுவார். அறுவை சிகிச்சைக்குத் தகுதி பார்க்கும் இடத்தில் ஒரு பெண்ணைத் தாங்கமாட்டார் என்று ஒதுக்குவார்கள். தேவையில்லாத இன்ஹேலரை மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவார்கள். இருபுறமும் விழ வாய்ப்புள்ளதால்தான் இதைத் தனி மருத்துவர் எவரும் தம் மேசையில் தீர்த்துக்கொள்ள முடியாது என்கிறேன். அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடிய இடம் உங்கள் கழகம்.

இனி, என் இரண்டாவது கோரிக்கை.

தெற்காசியர்களின் நுரையீரல் அளவு சிறியது என்பது அளந்து கண்ட உண்மை. 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பேரைச் சேர்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. சென்னை உட்பட நம் நாட்டு ஊர்களும் அதில் உண்டு. வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சமன்செய்த பிறகும், வட அமெரிக்க, ஐரோப்பிய மக்களைவிடத் தெற்காசியர்களின் முதல் நொடிக் காற்று சுமார் 30 விழுக்காடு குறைவாக இருந்தது. எல்லாப் பகுதிகளிலும் இதுவே மிகக் குறைவு.

இந்த 30 விழுக்காட்டில் பிறவியிலேயே அமைந்த உடல்வாகு எவ்வளவு, வாழ்க்கை பறித்துக்கொண்டது எவ்வளவு? பதில் தெரியாமல் முழுவதையும் 'நம் இனத்துக்கு இவ்வளவுதான்' என்று கழித்துவிடும் பழக்கத்துக்கு நீண்ட, கசப்பான வரலாறு உண்டு. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் தம் ஸ்பைரோமீட்டரால் மாலுமிகள், காவலர்கள், அச்சுத் தொழிலாளர்கள் என்று 2,000க்கும் மேற்பட்டோரை அளந்து, மூச்சின் கொள்ளளவு உயரத்தோடு கூடுகிறது என்று காட்டினார். அதே கருவி அமெரிக்காவுக்குப் போனதும் தோலின் நிறத்தைப் பிரித்துப் பார்க்கப் பயன்பட்டது. உள்நாட்டுப் போர் வீரர்களின் அளவுகளை 1869இல் வெளியிட்ட பெஞ்சமின் கௌல்டு, கறுப்பின வீரர்களின் கொள்ளளவு குறைவு என்று பதிந்தார். அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவர்கள். என்ன உண்டு, எங்கே உறங்கி வளர்ந்தார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இனத்தின் பெயரால் கழிக்கும் அந்த வழக்கம் எந்திரத்துக்குள் குடியேறி ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. 1999இல் பால்டிமோர் நீதிமன்றத்தில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கொன்றில், கறுப்பினத் தொழிலாளர்கள் இழப்பீடு பெற வெள்ளையரைவிடக் குறைந்த அளவைக் காட்ட வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்கும் வரை அது போயிற்று. 2023இல்தான் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இனவாரிச் சமன்பாடுகளைக் கைவிட்டு எல்லோருக்கும் ஒரே சராசரியைப் பரிந்துரைத்தது. அவர்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் பாதையில் நாம் புதிதாக நுழையக் கூடாது.

நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்கிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. எவ்வளவு உயரம் ஏறியது என்பதைக் கருவறையிலிருந்தே பல காரணங்கள் முடிவு செய்கின்றன. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த ஆண்களை முதுமையில் சோதித்தபோது, எடை குறைந்து பிறந்தவர்களின் மூச்சுத்திறனும் குறைந்திருந்தது. ஆங்கிலேயக் குழந்தைகள் அவர்கள், இனத்தைக் காரணம் காட்ட முடியாது. 2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இளமையிலேயே திறன் குறைவாக இருந்ததைக் காட்டியது. வேகமாகச் சரிந்ததால் நோயானவர்கள் ஒரு பாதி. தொடக்கத்திலேயே தாழ்வாக நின்றவர்கள் மறுபாதி. நம் ஊரில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள், விறகுப் புகையில் தொட்டில் ஆடும் பிள்ளைகள், அடிக்கடி நிமோனியா வந்து தேறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இயல்பு அளவு வகுக்க ஆள் எடுக்கும் இடத்தில் இந்தச் சிக்கல் எப்படி உள்ளே நுழைகிறது என்பதை என் அறையிலிருந்து சொல்ல முடியும். ஆய்வுகளில் முதல் நிபந்தனை, புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வருகிறார். பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. இருமல், இரைப்பு இல்லை என்கிறார். படிவத்தின்படி அவர் முழு ஆரோக்கியமானவர். பேச்சுக் கொடுத்தால், கல்யாணம் ஆன நாளிலிருந்து சன்னல் இல்லாத அடுப்படியில் சுள்ளியும் வரட்டியும் வைத்துச் சமைத்தவர் என்று தெரியும். சிலிண்டர் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். இரைப்பு இல்லை என்று அவர் சொல்வதும் முழு உண்மை இல்லை. நடை தளர்ந்ததை வயதின் கணக்கில் எழுதிக்கொண்டார். இவருடைய மூச்சு இயல்பு அளவுக்குள் போய்ச் சேர்ந்தால், அடுப்புப் புகை தின்ற நுரையீரல் இனி எல்லாப் பெண்களுக்கும் அளவுகோலாகும். இளமையில் காசநோய்க்கு மாத்திரை தின்றதைக் கணவன் வீட்டாருக்குக்கூடச் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். படிவத்துக்கு அவர்கள் சொல்லமாட்டார்கள்.

இதே பெண்ணின் உயரத்தை அளப்பதில் தொடங்கி எத்தனை நுணுக்கம் வேண்டியிருக்கிறது பாருங்கள். கொண்டையோடு அளந்தால் மூன்று சென்டிமீட்டர் கூடும். 150 சென்டிமீட்டர் உயரமும் ஐம்பது வயதும் உள்ள பெண்ணுக்கு, நான் முன்னே சொன்ன அமெரிக்கச் சமன்பாட்டில் அந்த மூன்று சென்டிமீட்டர் எதிர்பார்ப்பை ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் உயர்த்திவிடும். வயது இன்னொரு கதை. ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்த நாள் போட்ட அட்டைகள் எங்களிடம் கட்டுக் கட்டாக வருகின்றன. ஆண்டே உத்தேசம்தான். ஐந்து வயது முன்பின் போனால் எதிர்பார்ப்பு சுமார் 120 மில்லிலிட்டர் நகரும். பெரிய பஞ்சத்துக்குப் பிறகு, தேர் ஓடிய வருடம், அண்ணா இறந்த ஆண்டு என்று கேட்டுக் கேட்டு வயதை நெருங்கும் பொறுமை கள ஆய்வில் இருக்க வேண்டும். கூன் விழுந்தவர்களுக்கு இரு கைகளையும் விரித்து அளக்க வேண்டும். நின்ற உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் எடுத்தால், கால் நீளம் எவ்வளவு, நெஞ்சுக்கூடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். இனம் என்று தள்ளிவிடும் வேறுபாட்டில் ஒரு பங்கு அங்கேயே விளங்கிவிடும்.

வழி இல்லாமல் இல்லை. குழந்தைகளின் எடைக்கும் உயரத்துக்கும் உலக சுகாதார நிறுவனம் 2006இல் புது வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, தாய்க்குப் புகைப்பழக்கம் இல்லாமல், நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அளந்தார்கள். டெல்லிக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று கேட்காமல், எப்படி வளர முடியும் என்று கேட்டார்கள். அங்கன்வாடியில் இன்று தொங்கும் அட்டை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. இந்தியக் குழந்தை குள்ளமாகத்தான் இருக்கும் என்று அப்போது யாரும் 10 விழுக்காடு கழித்துக் கொடுக்கவில்லை.

நுரையீரலுக்கும் அப்படி இரண்டு அளவுகள் வேண்டும். இன்றைய மக்கள்தொகையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லும் அளவு ஒன்று. நல்ல உணவும் சுத்தமான காற்றும் பெற்று வளர்ந்த இந்தியரின் நுரையீரல் எட்டக்கூடிய அளவு இன்னொன்று. தாளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகட்டும். மருத்துவர் முதலாவதைப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்யலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி அடுப்புக்கும் காற்றுக்கும் கர்ப்பிணியின் உணவுக்கும் பொறுப்பானவர்களின் மேசைக்குப் போகட்டும்.

உங்களால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் கழகத்தின் நிதியில் நடந்த நீரிழிவு ஆய்வு எல்லா மாநிலங்களிலும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரின் இரத்தத்தைச் சோதித்து 2023இல் முடிவுகளைத் தந்தது. ஆஸ்துமா பற்றி 2012இல் வெளியான உங்கள் ஆய்வு 12 நகர்ப்புற, 11 கிராமப்புற மையங்களில் 1,69,575 பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது கேள்வித்தாளோடு நின்றுவிட்டது, யாரும் ஊதவில்லை. 2016இல் இந்தியாவில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்ந்தவர்கள் 5 கோடியே 53 லட்சம் என்பது மதிப்பீடு. சர்க்கரைக்குச் செய்ததில் ஒரு பங்கை மூச்சுக்கும் செய்யுங்கள். அளந்த தரவுகளைப் பெயர் நீக்கி எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்து விடுங்கள். அளக்கப்பட்டவர்களைப் பத்தாண்டு கழித்தும் போய்ப் பாருங்கள். எந்த அளவுக்குக் கீழே இருந்தவர்கள் படுத்தார்கள், எவர் நன்றாக நடமாடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு விடை கிடைக்கும்.

அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகளும் உண்டு. எந்தச் சமன்பாடு, எவ்வளவு கழிவு என்பதைத் தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். எந்திரம் வாங்கும் டெண்டரிலேயே மாநிலங்கள் அதை நிபந்தனையாக்கட்டும். 80 விழுக்காடு என்ற ஒற்றைக் கோட்டை விட்டு, வயதுக்கேற்ற கீழ் எல்லையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். லிட்டர் கணக்கு எந்தத் தாளிலும் விடுபடக் கூடாது. குவாரி, பஞ்சாலை, செங்கல் சூளை, சிமெண்ட் என்று தூசித் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வேலையில் சேரும் நாளிலேயே ஒரு முறை ஊத வைத்து அந்தத் தாளை அவர்கள் கையிலேயே கொடுக்கப் பரிந்துரையுங்கள். நாளை இழப்பீட்டுக்கு வரும்போது எந்த நாட்டுச் சமன்பாட்டையும் தேட வேண்டியதில்லை. அவருடைய பழைய மூச்சோடு அவருடைய இன்றைய மூச்சை ஒப்பிட்டால் போதும்.

கள ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்றால் மாவட்ட மருத்துவமனை டெக்னீசியன்களைக் கூப்பிடுங்கள். சரியாக ஊத வைப்பது எங்களுக்குத் தெரியும். பல் இல்லாத பாட்டியையும், மைக் போல மௌத்பீஸைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் தாத்தாவையும், மூன்று முறையும் ஒரே அளவு வரும்வரை விடாமல் ஊத வைத்திருக்கிறோம். எங்கள் அறையின் பதிவேடுகளை, உரிய அனுமதியோடு, என்று வேண்டுமானாலும் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
மாவட்ட அரசு மருத்துவமனை நுரையீரல் பரிசோதனை அறைப் பணியாளர் ஒருவர்